பத்தடி உயரத்தில் ஒரு தடை

கூடைப்பந்தாட்டத்தில் நெடிதுயர்ந்த ஒருவர் ஓடிவந்து எம்பி, பந்தை வளையத்துக்கு மேலிருந்தே உள்ளே அறைந்துவிட்டு, சிலவேளை அவ்வளையத்தைப் பற்றி ஒரு கணம் தொங்கிப் பின் இறங்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் ஒருமுறையேனும் காணாதவர்கள் இன்று அரிது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்லாம் டங்க்’ என்று பெயர். நம் பத்திரிகைகளும் அப்பெயரையே எழுதிவிடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் ‘டங்க்’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் நம் வீடுகளில் நாள்தோறும் நிகழ்வதுதான்: முக்குதல். தேநீரில் பன்னை முக்கி எடுக்கிறோமே, அதே முக்குதல்.

இது நாம் வலிந்து செய்யும் சொல்விளையாட்டு அன்று. 1936ஆம் ஆண்டில், பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்க வீரர்களின் பயிற்சியைப் பார்த்த ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தியாளர் ஆர்தர் டேலி, ஜோ ஃபோர்டன்பெரி என்னும் ஆறடி எட்டங்குல உயர வீரர் பந்தைக் கூடைக்குள் மேலிருந்து இறக்கியதை, உணவகத்தில் ஒருவர் ரொட்டியைக் காப்பியில் முக்குவதற்கு ஒப்பிட்டு எழுதினார். ஃபோர்டன்பெரி டெக்சாஸ்காரர், கான்சாஸ் மாநிலத்தின் மெக்ஃபெர்சன் நகர எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனத்தின் அணியில் ஆடியவர். அந்த ஒலிம்பிக்கின் இறுதியாட்டம் கொட்டும் மழையில், திறந்தவெளி மண்தரையில் நடந்தது. பந்தைத் தரையில் தட்டினால் எழவில்லை. அமெரிக்கா 19-8 என்ற கணக்கில் கனடாவை வென்றது; 19இல் 8 புள்ளிகள் ஃபோர்டன்பெரியுடையவை. ‘முக்குதல்’ என்ற இச்சாதுவான சொல்லோடு ‘ஸ்லாம்’ என்ற அறைதலைச் சேர்த்த பெருமை, லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் அணியின் ஆட்டங்களை 1961 முதல் 2002 வரை வர்ணித்த சிக் ஹெர்னுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது.

காப்பியும் ரொட்டியுமாகத் தொடங்கிய இந்தச் செயல், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரிகளில் குற்றமாயிற்று. 1967 முதல் 1976 வரை, கல்லூரி ஆட்டங்களில் டங்க் செய்தால் அந்தக் கூடை செல்லாது. மேலும் தண்டனையும் உண்டு. விளையாட்டின் மிகக் கண்கவர் அசைவை அந்த விளையாட்டே ஏன் விலக்கிவைத்தது? இதற்கு விடை தேட, கூடை ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து நாம் தொடங்கவேண்டும்.

1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நேஸ்மித் என்ற முப்பது வயது ஆசிரியருக்கு ஒரு வேலை தரப்பட்டது. பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல் அடங்காது திரிந்த ஒரு வகுப்புக்கு, கூரைக்குக் கீழே ஆடக்கூடிய புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இருக்கின்ற விளையாட்டுகளை உள்ளே கொண்டுவந்து பார்த்தார், எலும்புகள்தாம் தப்பவில்லை. பின்னர் அவர் யோசித்த முறை நமக்கு வியப்பூட்டுவது. இலக்கு எதிரே நிற்கும்போதுதான் பந்தை முழு வலிமையோடு அதன்மேல் எறியத் தோன்றுகிறது. இலக்கைத் தலைக்கு மேலே, வாய் வானைப் பார்க்கும்படி வைத்துவிட்டால்? அப்போது வலிமையால் பயனில்லை. பந்து வில்லாக வளைந்து மேலெழுந்து, மெல்ல இறங்கவேண்டும். கனடாவின் ஆல்மண்ட் ஊரில் சிறுவனாக இருந்தபோது, பாறைமேல் வைத்த கல்லைக் கல்லெறிந்து தள்ளும் விளையாட்டில், வேகமாக எறிந்தவனைவிட மெதுவாக வளைத்து எறிந்தவனே வென்றதை அவர் நினைவுகூர்ந்தார்.

கட்டடப் பராமரிப்பாளரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். அவர் கொண்டுவந்து கொடுத்தவை பீச் பழம் வைக்கும் கூடைகள். உடற்பயிற்சிக் கூடத்தைச் சுற்றியிருந்த மேல்மாடத்தின் கைப்பிடிச் சட்டத்தில் அவற்றை அறைந்தார்கள். அந்தச் சட்டம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான். எந்த உடற்கூற்று ஆய்வும் அந்த அளவைத் தீர்மானிக்கவில்லை. ஒரு தச்சர் என்றோ அடித்த சட்டத்தின் உயரம், நூற்றாண்டைக் கடந்து இன்றும் உலகெங்கும் மாறாமல் நிற்கிறது. பெட்டி கிடைத்திருந்தால் நாம் இதைப் பெட்டிப்பந்து என்று அழைத்துக்கொண்டிருப்போம். (இந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக்தான் 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். நந்தனத்தைக் கடக்கும் வாசகர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.)

ஆக, இவ்விளையாட்டு பிறந்ததே வலிமைக்கு வழியடைக்கத்தான். டங்க் அந்த அடைப்பைத் திறக்கிறது. வளையத்துக்கு மேலே கை எட்டிவிட்டால் வில்வளைவு தேவையில்லை, குறி தேவையில்லை. இலக்கு மீண்டும் எதிரே நிற்பதாகிவிடுகிறது. ஆடுகளத்தின் பழைய தலைமுறையினர் அதை வெறுத்ததில் ஒரு தர்க்கம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் கண்ணில் அது திறமையன்று, பிறப்பால் வந்த உயரத்தின் அதிர்ஷ்டம்.

உயரமானவர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளும் முன்பே இருந்தன. ஏழடி பாப் கர்லண்டும் ஏறத்தாழ அதே உயரமுள்ள ஜார்ஜ் மைக்கனும் கூடையை நோக்கி இறங்கும் பந்தை வளையத்தின் மேலேயே தட்டிவிடத் தொடங்கியதால், 1944ஆம் ஆண்டில் கல்லூரி ஆட்டங்களில் அது தடுக்கப்பட்டது. மைக்கனை முன்னிட்டு 1951இலும் வில்ட் சேம்பர்லினை முன்னிட்டு 1964இலும் தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ. கூடைக்கு முன்னுள்ள கட்டத்தை அகலமாக்கியது. கர்லண்டும் மைக்கனும் வெள்ளையர்கள் என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இதற்கிடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வேறொரு கூடைப்பந்து வளர்ந்தது. நகரப் பூங்காத்துறை ஊழியரான ஹோல்கம் ரக்கர் அங்கே சிறுவர்களுக்காகத் தொடங்கிய கோடைப் போட்டி, அறுபதுகளில் பெரும் வீரர்களும் தெரு வீரர்களும் ஒரே தளத்தில் மோதும் களமாகிவிட்டது. மக்கள் மரங்களிலும் கூரைகளிலும் ஏறி நின்று பார்த்தார்கள். அங்கே டங்க் என்பது வெறும் இரண்டு புள்ளியன்று. அது ஒரு கூற்று. கூட்டம் அதற்கு மறுமொழி சொல்லும். அக்களத்தின் நாயகர்களில் ஒருவர் ‘ஆடு’ என்று பட்டப்பெயர் பெற்ற எர்ல் மேனிகால்ட். ஆறடி ஓர் அங்குலம்தான் உயரம். பின்பலகையின் உச்சியில் வைத்த நாணயத்தை எம்பி எடுப்பார் என்பார்கள். ஒரே எம்பலில் பந்தை இருமுறை முக்குவார் என்பார்கள். நாணயக் கதையை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் அப்படிப்பட்ட கதைகள் ஒருவரைச் சுற்றி ஏன் முளைக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம். உயரத்தால் டங்க் செய்பவரைப் பற்றி யாரும் புராணம் சொல்வதில்லை. மேனிகால்ட் உயர்ந்தது தன் கால்களால். போதைப்பழக்கமும் சிறையும் அவர் ஆட்டத்தைத் தின்றன, என்.பி.ஏ.வில் ஒரு நாளும் ஆடாமலே 1998இல் மறைந்தார். அவர் மீண்டு வந்து சிறுவர்களுக்காகப் போட்டிகள் நடத்திய திடலை, அப்பகுதியினர் அவர் பட்டப்பெயராலேயே அழைக்கிறார்கள்.

1966 மார்ச் 19. மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க்கில் கல்லூரிகளுக்கான தேசிய இறுதியாட்டம். ஒருபுறம் அடால்ஃப் ரப்பின் கென்டக்கி பல்கலைக்கழக அணி. வீரர் அனைவரும் வெள்ளையர். மறுபுறம் டெக்சாஸ் வெஸ்டர்ன். அதன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் அன்று களமிறக்கிய ஏழு பேரும் கறுப்பினத்தவர். இறுதியாட்டத்தில் தொடக்க ஐவரும் கறுப்பினத்தவராக ஓர் அணி நின்றது அதுவே முதல்முறை. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் டேவிட் லாட்டின், எதிரே நின்ற பேட் ரைலியின் தலைக்கு மேலாகப் பந்தை அறைந்தார். டெக்சாஸ் வெஸ்டர்ன் 72-65 என்று வென்றது. வெற்றிக்கு அந்த ஓர் அறைதல் காரணமன்று. ஆனால் அன்றைய ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எவரும் அதைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

மறு ஆண்டு கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணியில் லியு அல்சிண்டர் வந்தார். ஹார்லெமில் பிறந்தவர், ஏழடிக்கு மேல் உயரம், ரக்கர் திடலை அறிந்தவர். முதல் பருவத்திலேயே அவருடைய அணி முப்பது ஆட்டங்களில் முப்பதையும் வென்று பட்டம் சூடியது. வென்ற சில நாட்களிலேயே விதிக்குழு டங்கைத் தடைசெய்தது. உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும் என்றார்கள். வளையங்களும் கண்ணாடிப் பலகைகளும் உடைகின்றன, வீரர்கள் காயமடைகிறார்கள், தடுக்க இயலாத எறிதலால் ஆட்டத்தின் சமநிலை கெடுகிறது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். ‘அல்சிண்டர் விதி’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். டங்க் செய்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின வீரர்கள். ஆகவே இதில் நிறப் பாகுபாட்டின் வாடை வீசுகிறது என்று அல்சிண்டர் அப்போதே ‘சிகாகோ டிஃபெண்டர்’ நாளிதழிடம் கூறினார்.

நிறவெறி ஒன்றே காரணம் என்று எழுதிவிடுவது எளிது. நாம் சற்றுத் தயங்குகிறோம். கர்லண்டுக்கும் மைக்கனுக்கும் எதிராகவும் விதிகள் வந்தன என்று மேலே கண்டோம். உயரத்தை அடக்குவது அந்த விதிக்குழுக்களின் பழைய வழக்கம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முந்தைய விதிகள் ஒருவர் எங்கே நிற்கலாம், பந்தை எப்போது தொடலாம் என்று வரையறுத்தன. 1967ஆம் ஆண்டு விதியோ, பந்து முறையாகக் கூடைக்குள் சென்ற பிறகு, சென்ற விதம் சரியில்லை என்றது. மேலும், அதே செயலை எண்ணெய் ஆலைத் தொழிலாளியான வெள்ளையர் ஒருவர் செய்தபோது அது காப்பியும் ரொட்டியுமாக, சிரிப்புக்குரிய விந்தையாக இருந்தது. நகரத் திடல்களிலிருந்து ஒரு தலைமுறைக் கறுப்பின இளைஞர்கள் அதைக் கல்லூரி அரங்குகளுக்குக் கொண்டுவந்த பிறகுதான் உடைந்த கண்ணாடிகளின் கணக்கு எடுக்கப்பட்டது. குழு உறுப்பினர்களின் மனத்துக்குள் நாம் நுழைந்து பார்க்க இயலாது. விதி யார்மேல் விழுந்தது என்பதை மட்டும் பார்க்கலாம்.

அல்சிண்டர் வீழவில்லை. டங்க் இல்லாமலே மேலும் இரண்டு பட்டங்கள்; மூன்று பருவங்களில் 88 வெற்றி, 2 தோல்வி. தடை அவரை வளையத்திலிருந்து விலக்கி, பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கையால் தலைக்கு மேலே பந்தை வளைத்து எறியும் எறிதலில் ஊன்றச் செய்தது. ‘ஸ்கைஹுக்’ என்று பின்னர் புகழ்பெற்ற அந்த எறிதலை எவராலும் தடுக்க முடியவில்லை. கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரில் அவர் என்.பி.ஏ.வில் குவித்த 38,387 புள்ளிகள், 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் தாண்டும்வரை ஏறத்தாழ 39 ஆண்டுகள் சாதனையாக நின்றன. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தடுக்க இயலாதது என்பதற்காக ஓர் எறிதலை விலக்கினார்கள். அதைவிடத் தடுக்க இயலாத இன்னொன்று உருவாயிற்று. அதுவும் நேஸ்மித் விரும்பிய அதே வில்வளைவில்! (தலைக்கு மேலே அறை வாங்கிய பேட் ரைலி, பின்னாளில் பயிற்சியாளராகி, இந்த அப்துல் ஜப்பாரோடு நான்கு பட்டங்கள் வென்றார்.)

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் தாம்சன் கண்டுபிடித்த வழி வேறு. ஆறடி நான்கங்குலம் உயரமே உள்ள அவர் எம்பும் உயரம் 44 அங்குலம் என்பார்கள். அவருடைய தோழர்கள் பந்தை வளையத்தருகே காற்றில் எறிவார்கள். தாம்சன் எழுந்து அங்கேயே பிடித்து, அறையாமல், பூப்போல உள்ளே விட்டுவிட்டு இறங்குவார். விதியின் எழுத்து மீறப்படவில்லை. ‘ஆலி-ஊப்’ என்னும் அந்த உத்தி புகழ்பெற்றது இவரால்தான். 1974இல் அவ்வணி யு.சி.எல்.ஏ.வின் நீண்ட ஆதிக்கத்தை முடித்துப் பட்டம் வென்றது. 1975இல், சொந்த அரங்கில் தம் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில், தாம்சன் வெட்டவெளியில் தனியாக ஓடிச்சென்று பந்தை அறைந்தார். நடுவர் கூடையைச் செல்லாததாக்கி டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார். அரங்கு முழுவதும் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. கல்லூரியில் அவர் செய்த ஒரே டங்க் அதுதான். கணக்கேட்டில் அதற்குப் புள்ளி இல்லை.

ஜூலியஸ் எர்விங்கின் கல்லூரி நாட்கள் முழுவதும் இந்தத் தடைக்குள் கழிந்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், நேஸ்மித்தின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஆம்ஹெர்ஸ்டில், அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் கல்லூரி ரசிகர்கள் முழுமையாகக் காணவில்லை. ஹார்லெமின் மரங்களில் ஏறியவர்கள் கண்டார்கள். 1971இல் அவர் சேர்ந்த ஏ.பி.ஏ. என்ற போட்டிச் சங்கம், சிவப்பு வெள்ளை நீலப் பந்தும் காலி இருக்கைகளுமாகத் தள்ளாடிக்கொண்டிருந்தது. 1976 ஜனவரி 27 அன்று டென்வரில், நட்சத்திர ஆட்டத்தின் இடைவேளையில், கூட்டத்தை ஈர்க்க ஐவரைக் கொண்டு ஒரு டங்க் போட்டி நடத்தினார்கள். ஐவரில் தாம்சனும் ஒருவர். எர்விங் மறுகோடியிலிருந்து ஓடிவந்து, பின்பலகையிலிருந்து 15 அடி தள்ளியுள்ள ஃப்ரீ த்ரோ கோட்டில் கால் பதித்து எழுந்தார். கால்நுனி கோட்டைத் தாண்டியிருந்ததா என்று படங்களை வைத்துக்கொண்டு இன்றும் வாதிடுகிறார்கள், வாதிடட்டும். நாம் பார்ப்பது, கல்லூரியில் தண்டிக்கப்படும் ஒரு செயலுக்கு அதே நாட்டில், அதே பருவத்தில் பரிசு கொடுத்தார்கள் என்பதை. அவ்வாண்டிலேயே ஏ.பி.ஏ. முடிந்து அதன் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. அவ்வாண்டிலேயே கல்லூரித் தடையும் நீங்கியது. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் டங்க் செய்யக்கூடாது என்ற மிச்சம் மட்டும் 2015 வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

உடையும் கண்ணாடிகள் என்ற காரணம் பொய்யன்று. 1979இல் டாரில் டாக்கின்ஸ் ஒரு மாதத்துக்குள் இரண்டு பின்பலகைகளைத் தூளாக்கினார். ஆனால் அதற்கு விடை ஒரு விதிக்குழுவிடம் அன்று, இலினாய்ஸ் கிராமம் ஒன்றின் தானியக் கிடங்கில் வேலைபார்த்த ஆர்தர் எராட்டிடம் இருந்தது. உழவுக் கருவி ஒன்றின் சுருள்வில்லை வளையத்தில் பொருத்தி, பாரம் அதிகமானால் வளைந்து மீண்டும் நிமிரும்படி செய்தார். 1982இல் காப்புரிமை பெற்றார். ஒன்பதாண்டுத் தடை காக்க முயன்றதை ஒரு சுருள்வில் காத்தது. 1983இன் கல்லூரி இறுதியாட்டத்தில், கடைசி நொடியில் குறிதவறி வந்த பந்தைக் காற்றிலேயே பிடித்து லொரென்சோ சார்லஸ் கூடைக்குள் அறைய, ஹூஸ்டனை 54-52 என்று வென்ற அணி, தாம்சனின் அதே வட கரோலினா மாநிலம். இம்முறை புள்ளி உண்டு.

பிறகு சொல் ஆடுகளத்தை விட்டு வெளியேறியது. தவறவே வாய்ப்பில்லாதது, ஐயத்துக்கு இடமற்றது என்ற பொருளில் அமெரிக்கர் ‘ஸ்லாம் டங்க்’ என்று பேசலாயினர். 2002 டிசம்பரில் வெள்ளை மாளிகையில், இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய வாதத்தை உளவுத்துறைத் தலைவர் ஜார்ஜ் டெனட் இச்சொல்லால் வர்ணித்தார் என்று பாப் உட்வர்ட் தம் நூலில் எழுதினார். தம் சொல் தவறான இடத்தில் பொருத்தப்பட்டது என்று டெனட் பின்னர் வாதிட்டார். ஆயுதங்கள் கிடைக்கவில்லை.

இருப்பதாகச் சொல்லப்பட்டு இல்லாமற்போனது அது. நிகழ்ந்தும் காட்ட இயலாமற்போனது ஒன்று உண்டு. நேஸ்மித்தின் முதல் ஆட்டம் டிசம்பர் 21 அன்று நடந்ததாகக் கொள்வர். அதற்குச் சரியாக 93 ஆண்டுகள் கழித்து, 1984 டிசம்பர் 21 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸ் என்ற சிற்றூரில், சிறு கூட்டத்தின் முன்னால், மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜியன் வெல்ஸ், கல்லூரி ஆட்டத்தில் டங்க் செய்த முதல் பெண் ஆனார். ஆறடி ஏழங்குலம் உயரமுள்ள கறுப்பின மாணவி. தொலைக்காட்சிகள் அங்கில்லை. எதிரணிப் பயிற்சியாளரின் ஒளிப்பதிவுக் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தம் அணிமேல் விழுந்த அந்த அறையை உலகுக்குக் காட்ட அவர் விரும்பவில்லை. நாடாவைத் தர மறுத்துவிட்டார். நடுவரின் சான்றும் செய்தித்தாள் வரிகளும் இருந்தன, படம் இல்லை. பார்க்காதவர்கள் சிலர் நம்பவும் இல்லை. 2002இல் லிசா லெஸ்லி பெண்களின் தொழில்முறைச் சங்கமான டபிள்யூ.என்.பி.ஏ.வின் முதல் டங்கைச் செய்தபோது அரங்கின் ஒளிப்பதிவுகள் அனைத்தும் அவர்மேல் இருந்தன. வெல்ஸுக்கோ காத்திருப்பு தொடர்ந்தது.

பயிற்சியாளர் காலமான பின், 2009இல், ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ செய்தியாளர் ஒருவர் தேடிச் சென்றபோது, அந்த நாடா அவருடைய மகனிடம் பத்திரமாக இருந்தது. கால்நூற்றாண்டு பழைய, மங்கிய படம். நீண்டு வரும் பந்தைப் பிடித்து, தடுப்பார் எவருமின்றி ஓடும் ஒரு பெண் அதில் தெரிகிறார், எழுகிறார், பந்தை முக்குகிறார்.